டவர் எட்டாத இடத்தில் யார் காதில் விழும்?

காடு, மலை, நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைப்பாதையில் இருட்டிவிட்டால் என்ன செய்வது என்று சென்ற இதழில் எழுதியபோது, "உதவி கேட்கும் கருவி ஒன்று உடம்போடு இருக்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எது வாங்குவது, விலை குறைந்ததில் எதை நம்பலாம், போனே போதாதா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நடைக்குழுக்களைப் பல வருடமாக அழைத்துப் போகிறேன், தேடுதல் குழு ஒன்றில் தன்னார்வலராகவும் இருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் மகன் லீவு கிடைத்தால் தனியாகக் காட்டுக்குள் நடக்கப் போய்விடுகிறான். சாவிக்கொத்தில் மாட்டுகிற வட்டமான டிராக்கர் ஒன்று வாங்கி அவன் பையில் போட்டிருக்கிறேன். விலையும் குறைவு. அவன் இருக்கும் இடம் வீட்டிலிருந்தே தெரியும் என்றார்கள். இது போதுமா, அக்கா?
— கவலையில் இருக்கும் ஒரு தாய்

போதாதம்மா. அந்த வட்டமான டிராக்கருக்குள் ஜிபிஎஸ் கிடையாது. ஏர்டேக் மாதிரியான டிராக்கர்கள் புளூடூத்தில் மெல்லிய சிக்னல் ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய போன் அதைக் கேட்டு, தன் இணைய இணைப்பு வழியாக இடத்தைத் தெரிவிக்கும். ரயில் நிலையத்தில் தொலைந்த பெட்டியைக் கண்டுபிடிக்க இது நல்ல ஏற்பாடு. ஆள் நடமாட்டமோ இணையமோ இல்லாத பள்ளத்தாக்கில் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? உங்கள் போனில் தெரியப்போவது அவன் கடைசியாக மனிதர்களைக் கடந்து போன இடம். பெரும்பாலும் அது பாதை தொடங்குகிற இடமாகவே இருக்கும்.

குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் விற்கிற, சிம் போட்ட டிராக்கர் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அதில் ஜிபிஎஸ் இருக்கும், தான் இருக்கும் இடமும் அதற்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தை வெளியே சொல்ல அதற்கு டவர் வேண்டும். டவர் இருக்கிற இடத்தில் உங்கள் மகன் போனையே எடுத்துப் பேசிவிடுவானே.

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஜிபிஎஸ் ஒருவழிச் சமாச்சாரம். ரேடியோப் பெட்டி நிலையத்தைக் கேட்கிற மாதிரி, உங்கள் கருவி செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அந்தச் செயற்கைக்கோள்களுக்குத் தெரியாது. அதனால் கடைக்காரர் "இதில் ஜிபிஎஸ் இருக்கு" என்று சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். கண்டுபிடித்த இடத்தை இந்தக் கருவி எந்த வழியாக, யாருக்குச் சொல்கிறது என்று கேளுங்கள். புளூடூத், சிம், வைஃபை என்று பதில் வந்தால் அது காட்டுக்கு ஆகாது. செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

வருடத்தில் ஓரிரு முறைதான் மலைக்குப் போகிறேன். போனால் நாலைந்து நாள் சிக்னலே இருக்காது. பிஎல்பி என்கிறார்கள், இன்ரீச் என்கிறார்கள், ஸ்பாட் என்கிறார்கள். கையில் அதிகப் பணம் இல்லை. எதை வாங்குவது?
— ஒரு பள்ளி ஆசிரியர்

ஐயா, இவற்றை முதலில் இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்வோம். ஒன்று சந்தா இல்லாதது, இன்னொன்று சந்தா கட்ட வேண்டியது.

சந்தா இல்லாதது பிஎல்பி, அதாவது பெர்சனல் லொகேட்டர் பீக்கன். உதவி கேட்பது ஒன்றுதான் அதற்கு வேலை. ஆன்டெனாவை விரித்துப் பட்டனை அழுத்தினால், 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 வாட் சக்தியோடு, கிட்டத்தட்ட 50 வினாடிக்கு ஒருமுறை அபாயச் சிக்னலை விடும். அதைக் கேட்பது காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச ஏற்பாடு. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து தொடங்கியது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், யாரென்றே தெரியாத மனிதர்களைக் காப்பாற்ற அந்த நாடுகள் கைகோத்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும். முதல் செயற்கைக்கோளை 1982 ஜூனில் சோவியத் ஒன்றியம் ஏவியது. அதே வருடம் செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானம் ஒன்று இருந்த இடத்தை அது காட்டிக்கொடுத்தது, மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இப்போது ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களிலேயே இந்தச் சிக்னலைக் கேட்கும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் உலகத்தில் எந்த மூலையிலிருந்து அழுத்தினாலும், வானம் தெரிந்தால் போதும், கேட்கும். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

ஜிபிஎஸ் உள்ள பிஎல்பி என்றால் சிக்னலோடு உங்கள் இடமும் 100 மீட்டர் அளவு துல்லியத்தில் போய்ச் சேரும். பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் சிக்கவில்லை என்றாலும், வருகிற சிக்னலை வைத்தே செயற்கைக்கோள்களால் தோராயமாக இடத்தைக் கணக்கிட முடியும். இது போக 121.5 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு சிக்னலும் விடும். தேடி வருகிற ஹெலிகாப்டரோ தரைக்குழுவோ திசை பார்க்கும் ரிசீவரை வைத்துக்கொண்டு அந்தச் சிக்னலைப் பின்தொடரும். புதர் மண்டிய சரிவில் இரவில் ஆள் தேடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். 100 மீட்டர் என்று வரைபடத்தில் பார்த்தால் ஒரு புள்ளி. காட்டுக்குள் அதைத் துழாவ மணிக்கணக்கு ஆகும்.

பிஎல்பியில் குறை என்றால், அதனால் பேச முடியாது. கால் உடைந்ததா, நெஞ்சு வலியா, வழி மட்டும் தவறிவிட்டதா, எதையும் சொல்லாது. பட்டனை அழுத்தினவருக்கும் யாராவது கேட்டார்களா என்று தெரியாது. கலிலியோவின் பதில் சேவை உள்ள சில புதிய பிஎல்பிகளில், சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு விளக்கு எரிந்து சொல்லும். 2020-லிருந்து இந்தச் சேவை இருக்கிறது. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அதையே வாங்குங்கள். இருட்டில் வலியோடு தனியாகக் கிடப்பவருக்கு அந்த ஒரு விளக்கு எவ்வளவோ தெம்பு கொடுக்கும்.

இன்னொரு குடும்பம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள். கார்மின் இன்ரீச், ஸோலியோ போன்றவை இரிடியம் வலைப்பின்னலில் ஓடுகின்றன. அதில் 66 செயற்கைக்கோள்கள், துருவம் முதல் துருவம் வரை மூடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். ஸ்பாட் கருவிகள் குளோபல்ஸ்டார் வலைப்பின்னலில் ஓடுகின்றன. அங்கே அந்தக் கைமாற்றல் இல்லை. உங்கள் தலைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோளின் பார்வையில் ஒரு தரை நிலையமும் இருந்தாக வேண்டும். அதனால் சில கடல்களிலும் நிலப்பகுதிகளிலும் ஓட்டை விழும். ஸ்பாட் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் போகிற இடம் அவர்களுடைய வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்பாட்டின் விலை குறைந்த வகைகள் செய்தி அனுப்பும், வாங்காது. அதையும் கவனியுங்கள்.

இருவழிக் கருவியின் அருமை ஆபத்தில் மட்டும் இல்லை. எங்கள் குழு நள்ளிரவில் கிளம்பிப் போன எத்தனையோ தேடல்கள், ஆற்றில் தண்ணீர் ஏறியதால் மறுகரையில் பத்திரமாகப் படுத்திருந்தவர்களுக்காக நடந்தவை. "தாமதம், நலம், காலையில் வருவோம்" என்று நாலு வார்த்தை வந்திருந்தால் வீட்டாரும் தூங்கியிருப்பார்கள், நாங்களும் போயிருக்க மாட்டோம். நிஜமான விபத்திலும் "தொடை எலும்பு முறிவு, நினைவு இருக்கிறது, குளிர்கிறது" என்று மீட்பு மையத்துக்குத் தெரிந்தால் அதற்கேற்ற ஆட்களும் சாமான்களும் வரும்.

இப்போது பணக் கணக்கு. செய்திக் கருவியின் விலை சில சமயம் பிஎல்பி விலைக்குப் பக்கத்தில், ஏன், அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சந்தா கட்டவில்லை என்றால் எஸ்ஓஎஸ் என்ற அபாய பட்டனும் வேலை செய்யாது. ஒரு தாளில் கருவியின் விலையை எழுதி, அதோடு தொடக்கக் கட்டணத்தையும், ஐந்து வருடத்துக்கு நீங்கள் கட்டப்போகும் சந்தாவையும் கூட்டுங்கள். பக்கத்தில் பிஎல்பி விலையை எழுதுங்கள். பிஎல்பி பேட்டரி வகையைப் பொறுத்து ஐந்து முதல் ஏழு வருடம் வரும். அதற்குப் பிறகு பேட்டரி மாற்றும் செலவு உண்டு, அது கொஞ்சம் கணிசமானது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிஎல்பி பக்கம்தான் மலிவாக நிற்கும். சில நிறுவனங்கள் தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் சந்தா கட்ட விடுகின்றன. அப்படிக் கிடைத்தால் இடைவெளி குறையும்.

வருடத்துக்கு ஓரிரு முறை போகும் உங்களுக்கு நான் சொல்வது: இந்தப் பழக்கம் இன்னும் பல வருடம் தொடரும் என்றால் பிஎல்பி வாங்குங்கள். பணம் சேரும்வரை வாடகைக்கு எடுங்கள். மலையேற்றச் சங்கங்களும் சாகசப் பொருள் கடைகளும் பல இடங்களில் நாள் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கின்றன. தனியாகப் பல நாள் நடப்பவர், வீட்டில் உடல்நலம் இல்லாதவரை விட்டுவிட்டுப் போகிறவர், மற்றவர்களை அழைத்துப் போகிறவர் ஆகியோருக்கு மட்டும், செலவு கூடினாலும் இருவழிக் கருவியே சரி என்பேன்.

அப்புறம், வாங்கிய அன்றே பிஎல்பியைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிஎல்பிக்கும் 15 எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் உண்டு. உங்கள் பெயர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் எண் எல்லாம் அதோடு சேர்ந்திருந்தால்தான், சிக்னல் வந்ததும் மையத்தில் இருப்பவர்கள் யார், எங்கே போனார், எத்தனை பேர் என்று விசாரிக்க முடியும். நீங்கள் எண் கொடுத்திருக்கும் ஆள், ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கிறவராக இருக்க வேண்டும். உங்கள் பயணத் திட்டமும் அவரிடம் இருக்க வேண்டும்.

என் புதுப் போனில் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் இருக்கிறது. தனியாகக் கருவி எதற்கு?
— கல்லூரி மாணவர்

தம்பி, அந்த வசதி நல்ல வசதிதான். ஐபோன் 14-லிருந்து இருக்கிறது, பிக்சல் 9-லும் வந்துவிட்டது. ஒருநாள் நடையிலும் கூட்டமாகப் போகும் பாதையிலும், கையில் எதுவும் இல்லாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் எல்லா நாட்டிலும் அது கிடைப்பதில்லை. வட, தென் பகுதிகளில் 62 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. செயற்கைக்கோள் இருக்கும் திசைக்குப் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கை உடைந்தவருக்கு, மழையில் விரல் மரத்துப்போனவருக்கு அது சுலபமில்லை. எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. போட்டோ, வரைபடம், டார்ச், பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பேட்டரியைத்தான் செலவழிக்கிறாய். குளிரில் அது இன்னும் சீக்கிரம் இறங்கும். பாறையில் விழும்போது முதலில் உடைவதும் போன்தான். பல நாள் நடை என்றால் தனிக் கருவி வேண்டும்.

பழைய பிஎல்பி ஒன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— சிக்கனமாக வாழ்பவர்

சில விஷயங்களைப் பார்த்துவிட்டு வாங்கலாம். 406 மெகாஹெர்ட்ஸ் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா? 121.5 மட்டும் உள்ள மிகப் பழைய கருவிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2009 பிப்ரவரி 1-லிருந்து செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, பேட்டரியின் காலாவதித் தேதி. அதை நாமே கழற்றி மாற்ற முடியாது, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் புதிதின் விலையை நெருங்கிவிடுவதும் உண்டு. பேட்டரி தேதி முடியும் தறுவாயில்தான் பலர் விற்கவே வருகிறார்கள். மூன்றாவது, பழைய சொந்தக்காரர் தன் பதிவை நீக்கித் தர வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பள்ளத்தில் கிடக்கும்போது மீட்பு மையம் அவர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பிஎல்பியிலும் ஒரு நாட்டுக் குறியீடும் பதிந்திருக்கும். வேறு நாட்டில் வாங்கியதென்றால் அந்தக் குறியீட்டை மாற்ற முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய செய்திக் கருவி என்றால் விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்த பிறகு பணம் கொடுங்கள். வாங்கியதும் வெட்டவெளியில் நின்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.

பிஎல்பி வைத்திருக்கிறேன். ஆனால் தேவையில்லாமல் அழுத்தி ஹெலிகாப்டரை வரவழைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்போது அழுத்த வேண்டும்?
— தனியாக நடக்கும் வாசகி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அழுத்தத் தயங்குவதுதான் பெரிய ஆபத்து. நானோ என்னோடு இருப்பவரோ உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நிலையில் இருக்கிறோமா, இருப்பதை வைத்துக்கொண்டு நாங்களாகவே வெளியேற முடியாத நிலையா என்று உங்களையே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அழுத்துங்கள். நிற்காத ரத்தம், நடக்க முடியாத கால், தலையில் அடிபட்டுப் பேச்சுக் குழறுதல், நடுக்கம் நின்றுபோகும் அளவுக்குக் குளிர், நெஞ்சு வலி எதுவானாலும் யோசிக்க வேண்டாம். களைப்பு, சலிப்பு, நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்ற அவசரம், இவற்றுக்கு அழுத்தக் கூடாது.

அழுத்துவது என்று முடிவாகிவிட்டால் சாயங்காலம்வரை தள்ளிப்போடாதீர்கள். எங்களோடு வந்த ஒருவருக்கு மதியம் கணுக்கால் மடங்கியது. கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே பொழுதைக் கடத்தினார். மேகம் இறங்கியது. பகலில் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தரைக்குழு இரவெல்லாம் ஸ்ட்ரெச்சர் தூக்குவதில் முடிந்தது. வெளிச்சம் இருக்கும்போது அழுத்துவது, உங்களைத் தேடி வருகிறவர்களின் உயிருக்கும் நல்லது.

கருவி உடம்பில் இருக்க வேண்டும், பையில் இல்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில்தான் கால் வழுக்கும். சரிவில் விழும்போது பை தனியே உருண்டு போய்விடும். இடுப்புப் பட்டையிலோ மூடி போட்ட சட்டைப் பையிலோ வையுங்கள், ஒரு கையால் எடுக்க வருகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

அழுத்தும்போது ஆன்டெனாவை முழுதாக விரித்து வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள். ஜிபிஎஸ் இருக்கும் பக்கத்தைக் கையால் மூடாதீர்கள். மரக்கூட்டத்தை, குகையை, பாறை இடுக்கை விட்டு முடிந்தவரை வெளியே வாருங்கள். பிறகு அங்கேயே இருங்கள், நகராதீர்கள். பிஎல்பி குறைந்தது 24 மணி நேரம் ஓடும்படி செய்யப்பட்டது. நடுவில் அணைத்து அணைத்துப் போட வேண்டாம். தவறுதலாக அழுந்திவிட்டதா? அணைத்துவிட்டு, முடிந்த வழியில் உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பயந்து மறைத்துவிடுவதுதான் தவறு. ஒருவர் தகவல் சொல்லாமல் விட்டால், இல்லாத ஆளைத் தேடி ஒரு குழு போய்க்கொண்டிருக்கும், அதே நேரத்தில் வேறு யாருக்காவது அவர்கள் தேவைப்படலாம்.

மீட்புக்குப் பணம் கேட்பார்களா என்றும் எழுதியிருந்தீர்கள். நாட்டுக்கு நாடு, மலைக்கு மலை மாறும். போகிற இடத்தின் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, மீட்புச் செலவும் அடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள்.

வேறு நாட்டுக்கு மலையேறப் போகிறேன். கருவியை எடுத்துப் போகலாமா?
— அயல்நாட்டில் வேலை பார்ப்பவர்

போகும் நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் பையில் வைக்காதீர்கள். செயற்கைக்கோள் போனுக்கும் செய்திக் கருவிக்கும் முன் அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு, இந்தியாவும் அதில் ஒன்று. இன்ரீச் கையில் இருந்ததற்காகவே அங்கே விமான நிலையத்தில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். பிஎல்பிக்கும் சேர்த்து அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்றால், உரிமம் உள்ள உள்ளூர் குழுவோடு போவதுதான் வழி.

ஆறு பேர் சேர்ந்து போகிறோம். ஆளுக்கொன்று வாங்க வசதியில்லை. ஒன்று போதுமா?
— நண்பர்கள் குழு

பிரியாமல் நடப்பீர்கள் என்றால் ஒன்று போதும். ஆறு பேரும் பணம் போட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள், பதிவில் குழுவின் விவரத்தையும் எழுதுங்கள். ஆளுக்கொரு விசில் மட்டும் கட்டாயம்; நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஊதுவது மலைகளில் பலருக்கும் தெரிந்த அபாய அறிவிப்பு. கருவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். முன்னால் நடப்பவரிடம் கொடுக்காதீர்கள், பின்னால் வருகிறவரிடம் கொடுங்கள். பின்தங்குகிறவருக்கு ஏதாவது ஆனால் அது அங்கேயே இருக்கும். கிளம்புவதற்கு முன் ஆறு பேரும் ஆளுக்கொரு முறை ஆன்டெனாவை விரித்து, மூடியைத் திறந்து, சோதனை பட்டன் எது, அபாய பட்டன் எது என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனையையும் அடிக்கடி செய்ய வேண்டாம், ஒவ்வொன்றும் பேட்டரியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பயணத்துக்கு முன் ஒருமுறை செய்தால் போதும்.